நிழல்ல பூக்கிற கனகாம்பரம்

அந்த ஃபாரத்தக் கொஞ்சம் ஓரமா வையுங்க தம்பி, தண்ணி தெறிக்கும். லாயர் ஆபீஸ்ல உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருப்பாங்க, தெரியுது. இந்த ஒரு வரிசைக்கு ஊத்திட்டு வந்துடறேன் லா.

வெயிலா? இங்க ஏது வெயிலு? மேல ரம்புத்தான் மரம், அந்தாண்ட பூரா செம்பனைத் தோட்டம். வந்த புதுசுல புல்லுகூட மொளைக்கல. ரோசா வச்சேன், செத்துச்சு. மல்லி வச்சேன், வெறும் எலையா வளந்துச்சு. அப்புறந்தான் கனகாம்பரம். காலையில செத்த நேரம் வெளிச்சம் பட்டாப் போதும் அதுக்கு. பூத்து முடிஞ்ச கதிர மட்டும் கிள்ளி விடணும், இல்லேன்னா சோம்பேறியாயிடும். மழை பட்டா காய் பட்டுப்பட்டுன்னு வெடிச்சு தானே விதை போட்டுக்கும். வருசம் பூரா பூ.

தோண்டி எடுத்துட்டுப் போலாந்தான். எங்க போக? மக நீலாய்ல எட்டாவது மாடியில இருக்கா. அங்க மூஞ்சியில அடிக்குது வெயிலு.

தெரியும் தம்பி. எஸ்டேட்ட வித்தாச்சு, வீடு எங்க வீட்டுக்காரரு பேர்ல இருக்கு, அவரு காணாமப் போயி ஒம்போது வருசம். செத்துட்டாருன்னு நான் கையெழுத்துப் போட்டாத்தான் வீடு எனக்கு. இல்லேன்னா அடுத்த மாசம் காலி பண்ணணும். மூணு தடவ சொல்லிட்டீங்க.

பூ வைக்கக் கூடாதும்பாங்களேன்னு பயமா? எனக்கா? பக்கத்து வீட்டுக்காரியும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டிருக்கா. கையெழுத்துப் போட்ட மறுநாளே ரெண்டு முழம் வச்சுக்கிட்டுக் கோயிலுக்குப் போவேன், எவ கேக்குறான்னு பாக்குறேன். அதுக்கில்ல. பத்து நாளா மனசு ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குது. ஊத்துன செடிக்கே திரும்ப ஊத்துறேன். வேரு அழுகிப்போகும்னு தெரிஞ்சேதான் ஊத்துறேன்.

தேத்தண்ணி ஆறுது, குடிங்க.

கெமாஸ்ல என் தங்கச்சி இருக்கா. பத்து நாளைக்கு முந்தி அவளப் பாத்துட்டு ஸ்டேசன்ல ரயிலுக்கு நிக்கிறேன், எதுத்தாப்புல இவரு நிக்கிறாரு. ஆமா, இவருதான். நல்லாத்தான் இருக்காரு, கொஞ்சம் தொப்பை விழுந்திருக்கு. பக்கத்துல ஒருத்தி, அவ கையப் புடிச்சுக்கிட்டு ஆறு வயசுல ஒரு பொண்ணு. என்னப் பாத்தாரு. நல்லாப் பாத்தாரு. பாத்துட்டு, அந்தப் பொண்ணுக்குச் சப்பாத்துக் கயிறு கட்டக் குனிஞ்சுக்கிட்டாரு. ரயில் வர்ற வரைக்கும் நிமிரவே இல்ல.

பேனாவ ஏன் தம்பி உள்ள வைக்கிறீங்க? இப்படிக் குடுங்க. எந்தக் கோட்டுல போடணும்?