தெரியாது என்று சொன்ன தாத்தா

எங்கள் வீட்டுக் கூடத்தில் நாற்காலிகள் சுவரை ஒட்டித்தான் இருக்கும். யாராவது நகர்த்தினால் நான் எழுந்து போய்ச் சரிசெய்துவிடுவேன். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், டாக்டரம்மா, நடந்ததெல்லாம் ஒரு நாற்காலியில்தான் ஆரம்பித்தது.

என் மகள் குழந்தைகளுக்காக ஒரு நாவல் எழுதினாள். தத்துவத்தைச் சிறு பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்தும் கதையாம். பதிப்பகத்தார் அச்சிட்டார்கள்; யாரும் வாங்கவில்லை. கட்டுக் கட்டாக வீட்டுக்கே திரும்பி வந்து மாடிப்படிக்கு அடியில் அடைந்து கிடந்தது. அதுவரை எனக்கு வருத்தமில்லை. யாரும் படிக்காத புத்தகத்தால் யாருக்கும் கெடுதல் வராது.

என் தங்கைதான் கெடுத்தாள். ஒரு மாலை கட்டைப் பிரித்து, நடுவில் ஒரு பக்கத்தைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அண்ணே, இந்தத் தாத்தா அச்சு அசல் நீங்கதான். கைத்தடியால தரையைத் தட்டித் தட்டிப் பேசுறாரு. நாற்காலியை நகர்த்தினா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிறாரு."

"எங்கே, கொடு."

"படிங்க, படிங்க. பேத்தி வசமா மடக்கிட்டா."

வாங்கிப் பார்த்தேன். பேத்தி கேட்கிறாள்: 'நாம யாரும் கூடத்துல இல்லாதப்பவும் நாற்காலி அங்கேயேதான் இருக்கும்னு உங்களுக்கு எப்படித் தெரியும், தாத்தா?' பக்கத்தின் கடைசி வரியில் தாத்தா சொல்கிறார்: 'தெரியாது.'

நான் நில அளவைத் துறையில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன். நான் கல் நட்ட இடம்தான் எல்லை. அண்ணன் தம்பி வெட்டுக்குத்து வரை போன தகராறிலும், 'உங்களுக்கு எப்படித் தெரியும்' என்று ஒருவரும் என்னைக் கேட்டதில்லை. என் அப்பாவையும் கேட்டதில்லை. எங்கள் குடும்பத்துப் பெரியவர் எவரும் 'தெரியாது' என்ற வார்த்தையை உச்சரித்ததில்லை. நாளைக்கு ஊரே படித்துச் சிரித்தால்? என் தங்கையின் வாய் சும்மா இருக்கும் வாயல்ல.

மகள் வேலைக்குப் போயிருந்தபோது பழைய பேப்பர் கடைக்காரரை வரவழைத்து எல்லாவற்றையும் ஏற்றி அனுப்பினேன். வந்தவள் கத்தினாள், அழுதாள், ஒரு தட்டைப் போட்டு உடைத்தாள்.

"இன்னொண்ணு எழுதுவேன். அதையும் எடைக்குப் போடுவீங்களா?"

அதனால்தான், உங்களுக்கு முன்பு இந்த மனநல மருத்துவமனையில் இருந்த டாக்டரிடம் அவளை அழைத்து வந்தேன். அத்தியாயத் தலைப்புகளைப் பார்த்து வைத்திருந்தேன், அவற்றைத்தான் சொன்னேன். யாரும் பார்க்காதபோது நாற்காலி இருக்குமா என்கிறாள். நாம் எல்லோரும் யாரோ காணும் கனவோ என்கிறாள். நேற்றைய நானும் இன்றைய நானும் ஒரே ஆள்தானா என்கிறாள். ஒரு வார்த்தைகூட நானாகக் கூட்டவில்லை.

"அதெல்லாம் நான் எழுதின கதை, டாக்டர். அப்பா, சொல்லுங்கப்பா. புத்தகத்துல இருக்குன்னு சொல்லுங்க."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "என்ன புத்தகம், ஐயா?"

"தெரியாது," என்றேன்.

அவர் என்னைத்தான் நம்பினார். எங்கள் குடும்பத்தின் சொல்லுக்கு அந்த மதிப்பு உண்டு. அவளை இங்கே சேர்க்க, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

இப்போது, உங்கள் பெண்ணுக்கு யாரோ பழைய புத்தகக் கடையில் வாங்கிப் பரிசளித்த பிரதியை மேசைமேல் வைத்து, அடுத்த பக்கத்தைத் திருப்பிக் காட்டுகிறீர்கள். 'ஆனா நீ கேட்டது ரொம்ப நல்ல கேள்வி, கண்ணு. வா, ரெண்டு பேரும் சேர்ந்து யோசிப்போம்' என்று தாத்தா பேத்தியின் கையைப் பிடித்துக்கொள்கிறார். கதையிலேயே உங்கள் பெண்ணுக்கு மிகவும் பிடித்தவர் அவர்தானாம். இருக்கலாம். அன்றைக்கு நான் பக்கத்தைத் திருப்பியிருக்கலாம்தான். அதற்காக இப்போது அவளை வீட்டுக்கு அழைத்துப் போனால், பெரியவர் பொய் சொன்னார் என்றல்லவா ஆகும்?

மேலும், வைத்தியம் பலிக்கும் நேரத்தில் யாராவது நிறுத்துவார்களா? சற்று முன்தான் அவள் அறைக்குப் போய்ப் பார்த்தேன். அங்கிருக்கும் ஒரே நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்திருந்தாள். எப்போது வீட்டுக்குப் போகலாம் என்றுகூடக் கேட்கவில்லை. எதையுமே கேட்கவில்லை.

குணமாகி வருகிறாள், டாக்டரம்மா.