அரைப்புள்ளிக்குப் பின்னால்

– ரெண்டு வாரமா இதத்தான் செஞ்சியா, ஷர்மினி? செட்டிங் எல்லாம் ஜேசன்ங்கிற புது ஃபார்மட் ஃபைல்லன்னு மீட்டிங்ல முடிவு பண்ணோம் லா. நீ என்னடான்னா பழைய ஐ.என்.ஐ. ஃபைல்ல வச்சிருக்க!

– ஆமா, கனகராஜ் சார்.

– அலமாக், ஆமாவா? திங்கக்கிழம சிங்கப்பூர் கஸ்டமர் வராங்க. எம்பிராய்டரி மெஷினுக்குப் புது சாப்ட்வேர்னு சொல்லிட்டு, முப்பது வருஷத்துக்கு முந்தின ஃபைலத் தொறந்து காட்டவா?

– சாதா டெக்ஸ்ட் சார். ஆபீஸ்ல விண்டோஸ், மெஷின்ல லினக்ஸ், டிசைன் போடுறவங்ககிட்ட மேக். மூணுலயும் தொறக்குது.

– ஜேசனுந்தான் தொறக்கும். சாயந்தரத்துக்குள்ள மாத்திரு.

– ஜேசன்ல குறிப்பு எழுத முடியாது. மாத்தினா இதுல இருக்கிற குறிப்பெல்லாம் போயிரும் சார்.

– என்ன குறிப்பு?

– பத்து பாகாட் டவுன் ஃபேக்டரில சோதனைக்கு விட்டிருக்கோம்ல. அங்கேருந்து வந்த ஃபைல். ஏழாம் மெஷின். பாருங்க.

– எங்க... ஹேய், தமிழ்ல இருக்கு! "ஜரிகை நூல் போட்டால் வேகம் 550. அதுக்கு மேல் அறுந்துவிடும்." "காலையில் முதல் பத்து நிமிடம் 400. ஏர்கான் குளிர்காற்று நேராக இந்த மெஷின் மேல் அடிக்கிறது." "பாஜு கூரோங் சட்டைக் கழுத்துக்கு நூலைத் தளர்த்தவும். இல்லாவிட்டால் துணி சுருங்கும்." யாரு, நீயே எழுதி வச்சுட்டு எனக்குக் கத விடுறியா?

– எனக்கு ஊசில நூல் கோக்கக்கூடத் தெரியாது சார்.

– பின்ன யாரு?

– அந்த மெஷின ஓட்டுறவங்க. வரிக்கு முன்னாடி அரைப்புள்ளி போட்டா சாப்ட்வேர் அதப் படிக்காம விட்டுரும். நம்பர மாத்தி சேவ் பண்ணாலும் அழிக்காது. அழிக்காம இருக்க வைக்கத்தான் ரெண்டு வாரம்.

– ஆப்பரேட்டரா? பட்டன் தட்டுறவங்க ஃபைலத் தொறந்து எழுதினாங்களா? சும்மா இரு லா.

– மொதல்ல ஜேசன் ஃபைல்தான் சார் குடுத்தேன். அவங்க வேகத்த மாத்தினப்ப ஒரு கமா விட்டுப்போச்சு. மெஷின் நின்னுருச்சு. சூப்பர்வைசர் எல்லார் முன்னாலயும் கத்திட்டாரு. தப்பு அவங்களுது இல்ல சார். என்னுது.

– இதுல நிக்காதா?

– நிக்காது. தப்பான வரிய மட்டும் தாண்டிப் போகும். எந்த வரின்னு ஸ்கிரீன்ல சொல்லும்.

– ம்... ஏழாம் மெஷின்ல நூல் அறுந்துபோறது கொறஞ்சிருச்சுன்னு ஃபேக்டரில சொன்னாங்க. நம்ம சாப்ட்வேர்தான் காரணம்னு நெனச்சு நான் நாலு பேர்கிட்ட பீத்திக்கிட்டேன்.

– அது இந்தக் குறிப்பால சார். இப்ப மத்த மெஷின்காரங்களும் இதப் பாத்துத்தான் போடுறாங்க.

– அடடா. நாலு வருஷமா எம்பிராய்டரில இருக்கேன், ஏர்கான் எங்க அடிக்குதுன்னு ஒரு நாள் நிமிந்து பாக்கல.

– மாத்தணுமா சார்?

– தொடாத. இப்படியே இருக்கட்டும். அவங்க பேரு என்ன?

– செல்வராணி.

– திங்கக்கிழம சிங்கப்பூர்காரங்களுக்கு நான் காட்டப் போறதில்ல. செல்வராணியே வந்து காட்டட்டும். ஃபேக்டரில நான் பேசிக்கிறேன். நீ அவங்களுக்கு ஒரு போன் போட்டுக் கேளு, வருவாங்களான்னு.

– போன் வேணாம் சார். வீட்டுக்குப் போனதும் அம்மாகிட்ட நேர்லயே கேட்டுட்டுச் சொல்றேன்.