வீட்டோடு இருக்கட்டும் என்றுதான்

நத்தோவைக் கிளறும்போது சோயா சாஸைக் கடைசியில்தான் ஊற்ற வேண்டும், இன்ஸ்பெக்டர். பலர் முதலிலேயே ஊற்றி நீர்க்கவிட்டு, அப்புறம் கொழகொழவென்று நூல் வரவில்லை என்று கடைக்காரரைக் குறை சொல்வார்கள். எங்கள் மீதோ ஊரில் விடிந்தால் எல்லா வீட்டிலும் இந்தப் புளித்த சோயாதான். என் கணவர் அகுட்சு தமோட்சு அது இல்லாமல் வேலைக்குக் கிளம்பியதே இல்லை.

வெளியூர் பஸ் ஓட்டினார். கல்யாணமான நாளிலிருந்து நான் அதிகம் பார்த்தது அவர் முதுகைத்தான். ஓய்வு பெற்றால் வீட்டோடு இருப்பார் என்று காத்திருந்தேன். இருந்தார், இதய வால்வு பழுதாகி, மூச்சிரைத்தபடி சோபாவில். அருமையான மாதங்கள் அவை. சேர்ந்து டிவியில் சுமோ பார்ப்போம். பேரிக்காய் நறுக்கிக் கொடுப்பேன்.

பிறகு உலோக வால்வு வைத்தார்கள். டாக்டர் இசோபே எங்கள் இருவரையும் உட்கார வைத்து விளக்கினார்.

"வால்வு மேல ரத்தம் உறைஞ்சு கட்டியாகும். ஆகாம இருக்கத்தான் இந்த வார்ஃபரின் மாத்திரை. நத்தோ இந்த மாத்திரையை வேலை செய்ய விடாது. அந்தப் பக்கமே போகக் கூடாது."

"ஒரு வாய்கூடவா?" என்றார் இவர்.

"ஒரு வாய்கூட."

"அதுக்கு என்னை அப்படியே விட்டிருக்கலாமே டாக்டர்."

எல்லோரும் சிரித்தோம். கட்டியானால் என்ன ஆகும் என்று நான் கேட்டேன்.

"மூளைல போய் அடைச்சா கை கால் விழுந்துடும், பேச்சு போயிடும். உயிரே போகலாம்மா. அப்படி ஏதாவது ஆச்சுன்னா உடனே கூட்டிட்டு வாங்க. கட்டியைக் கரைக்கிற ஊசி இருக்கு, ஆனா சீக்கிரம் போட்டாத்தான் பலன்."

தெளிவாகப் பேசும் டாக்டர். எனக்கு எல்லாமே மனதில் நின்றது.

இவர் நத்தோவைத் தொடவில்லை. உடம்பு தேறியது. ஒருநாள் புது பூட்ஸோடு வந்து நின்றார்.

"ஷிகோகு தீவுக்குப் போறேன். எண்பத்தெட்டு கோயிலும் நடந்தே."

"நாம எப்பங்க கிளம்பறோம்?"

"நாமளா? நீ எதுக்குடி? தனியா நடந்தாத்தான் புண்ணியம். நீ வீட்டைப் பாத்துக்க."

வீட்டை நான் நிறையப் பார்த்திருந்தேன்.

அவருக்குச் சைனஸ், நத்தோவின் வீச்சம்கூடத் தெரியாது. நத்தோவை உலர்த்திப் பொடித்து தினமும் மிசோ சூப்பில் கலந்தேன். "இப்பல்லாம் உன் சூப்பே தனி ருசிடி" என்று இன்னொரு கிண்ணம் கேட்பார். சமைக்கிறவளுக்கு வேறென்ன வேண்டும்?

ஒவ்வொரு பரிசோதனையிலும் மாத்திரை போதவில்லை என்று வந்தது. டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். நான் பொடியைக் கூட்டினேன்.

"உண்மையைச் சொல்லுங்க அகுட்சு சான். இந்த ஊர் ஆம்பிளைங்க எல்லாருமே திருட்டுத்தனமா நத்தோ சாப்பிட்டுட்டு, இங்க வந்து சத்தியம் பண்றவங்கதான்."

"எங்கம்மா மேல ஆணை டாக்டர், தொடவே இல்ல. வேணும்னா இவளைக் கேளுங்க."

கேட்டார். நத்தோ வீட்டுக்குள்ளேயே வருவதில்லை என்றேன். நான் பொய் சொன்னது அந்த ஒரே இடத்தில்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கிளம்ப வேண்டிய வாரம், காலைச் சாப்பாட்டின்போது அவர் கையிலிருந்து சாப்ஸ்டிக் நழுவியது. வாய் ஒரு பக்கம் கோணியது. அவரைப் படுக்க வைத்தேன், தலையணை கொடுத்தேன், போர்த்திவிட்டேன். பாத்திரம் கழுவி, துணி மடித்து, கொஞ்சம் களையும் பிடுங்கினேன். சாயங்காலம் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். ஊசிக்கான நேரம் கடந்துவிட்டது என்றார்கள்.

ஆஸ்பத்திரியில் மறுபடி அதே கூட்டிய அளவு மாத்திரை கொடுத்தார்கள். இப்போது எதிர்த்து நிற்கப் பொடி இல்லை. ஈறெல்லாம் ரத்தம் கசிந்தது. வீட்டில் போதாத மாத்திரை இங்கே எப்படி அதிகமானது என்று டாக்டர் இசோபே என்னைக் கேட்டார். அப்புறம்தான் உங்களைக் கூப்பிட்டார். கெட்டிக்காரர்.

ஆமாம், நான்தான் செய்தேன். ஆனால் கொல்ல நினைத்ததில்லை. உயிரோடுதானே இருக்கிறார்? பேச்சில்லை, வலப்பக்கம் அசைவில்லை, எங்கும் போக மாட்டார். நேற்றுக் கஞ்சி ஊட்டப் போனேன். வாயை இறுக மூடிக்கொண்டு, இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துத் தள்ளித் தள்ளி, கண்ணீராகக் கொட்டினார். இத்தனை வருஷத்தில் அவராக என் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை.