துடைக்காத டிஸ்க்

எல்லாரும் சாப்பிட்டாச்சுல்ல? சாப்பிடாதவங்க இப்பவே முடிச்சுருங்க. கேட்டதுக்கப்புறம் இறங்காது, என்னைத் திட்டக் கூடாது. இது மாலாங் ஊர்ல என் கூட வேலை பாத்த ஹெந்த்ரோவோட மச்சினனுக்கு நடந்தது. பேரு யோயோக். கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வச்சிருந்தான். ஆளு நல்லவன்தான், ஆனா சுத்தம்னா என்னன்னு தெரியாது. அதுதான் வினை.

மத்தியானம் ரெண்டு மணி. பேய்க்கு ராத்திரிதான் வேணும்னு எவன் சொன்னான்... சர்க்கரை ஆலைக்குப் பின்னாடி கரும்புக்காட்டு ரோடு. முன்னாடியும் ஆள் இல்ல, பின்னாடியும் ஆள் இல்ல. மழை விட்டு அரைமணி இருக்கும். யோயோக் பைக்ல வர்றான். பின்சீட்ல ரப்பர் கயிறு போட்டுக் கட்டின பழைய கம்ப்யூட்டர் பெட்டி.

நாத்தம் அப்பவே ஆரம்பிச்சிருச்சு. உள்ள எலி செத்துருக்கும்னு நெனச்சான். பைக்க முறுக்கினான். வேகமாப் போனா காத்துல போயிரணும்ல? போகல. பிடரிக்குப் பின்னாடியே வந்துச்சு... வெதுவெதுன்னு.

பெட்டி நிங்ரும்னு ஒரு பொண்ணோடது. வயசு இருபத்தாறு. காலேஜ் பக்கம் வாடகை ரூம்ல தங்கி, பசங்களுக்கு ஆய்வுக் கட்டுரை டைப் அடிச்சுக் குடுத்துப் பொழச்சவ. ஆஸ்துமாக்காரி. பெருநாள் லீவுல அந்த ரூம்லயே போய்ச் சேந்துட்டா. வீட்டுக்காரம்மா பெட்டியத் தூக்கிக் குடுக்கும்போது மூக்கப் பொத்திக்கிட்டு, "கொண்டு போயிருங்க மாஸ்"னு மட்டும் சொன்னாங்க. நம்ம ஊர்ல அண்ணே, தம்பிங்கிற மாதிரி அங்க மாஸ்.

நாப்பதாம் நாளுக்கு இன்னும் நாலு நாள். செத்தவங்களுக்காக ஓத வர்றவங்க கையில குடுக்கிற யாசீன் புத்தகத்துக்கு முன்னட்டைப் படம் வேணும். நிங்ருமோட அம்மா லஸ்மிகிட்ட இருந்தது ஏழாங்கிளாஸ்ல எடுத்த ஒரே ஒரு படம். பிள்ளையப் பொட்டலமாக் கட்டித்தான் ஊருக்குக் கொண்டாந்தாங்க, மூஞ்சியத் தொறந்து காட்டல. "எங்கிட்ட காட்டவே இல்ல மாஸ். கம்ப்யூட்டருக்குள்ள படம் வச்சிருக்கேன்னு அவளே சொல்லுவா. ஒண்ணு எடுத்துக் குடுங்க, போதும்"னு அந்தம்மா அழாமக் கேட்டுச்சு. அழுதிருந்தாக்கூட இவன் சமாளிச்சிருப்பான்.

பக்கத்துக் கடை சுக்கிர், அவர்தான் புத்தகம் அச்சடிக்கிறவர். கறாரான மனுஷன். "சாயங்காலம் மகரிப் பாங்குக்குள்ள படம் வரணும். வரலேன்னா ஏழாங்கிளாஸ் படந்தான் அட்டையில"ன்னுட்டார்.

சரின்னு மேசையில வச்சு ஸ்விட்சப் போட்டான். விண்டோஸ் வரல. ஹார்ட் டிஸ்க்கக் கழட்டி வேற மெஷின்ல மாட்டலாம்னா, அது பழங்காலத்துப் பட்டைக் கம்பி, கடை மெஷின்ல அதுக்கு இடம் இல்ல. பென் டிரைவ்ல கிளப்பவும் அந்தப் போர்டுக்குத் தெரியாது. அப்ப ஒரே வழி... லினக்ஸ் லைவ் டிஸ்க், சிடிதான். டிஸ்க்லேருந்தே மெஷினக் கிளப்பி, உள்ள கெடக்குற படத்த அள்ளிட்டு வந்துரலாம். தினம் செய்றதுதான்.

டிஸ்க்க எடுத்தான். வாய்கிட்ட வச்சு 'ஹா'ன்னு ஊதினான். டீ ஷர்ட்ல துடைச்சான். இது இவன் பழக்கம். அதுவும் அந்த டீ ஷர்ட் தண்ணியப் பாத்து நாலு நாள் ஆகியிருக்கும். "வாய்க்காத்துல ரிப்பேர் பண்ற ஒரே கடைடா இது"ன்னு சுக்கிர் கிண்டல் பண்ணாத நாள் கிடையாது.

டிஸ்க்கு உள்ள போச்சு. க்ரர்... க்ரர்... டக். கறுப்புத் திரை. மூலையில ஒரு சின்னக் கோடு கண் சிமிட்டிட்டு நின்னுச்சு. அவ்வளவுதான்.

மெஷின் முதல்ல ஹார்ட் டிஸ்க்கப் பாக்கணுமா, சிடியப் பாக்கணுமாங்கிற வரிசைய மாத்தினான். ஆகல. டிஸ்க்க வெளிய எடுத்தான். பளபளன்னு இருக்க வேண்டிய அடிப்பக்கம் பனி பூத்த மாதிரி மங்கிக் கெடந்துச்சு. நடு ஓட்டைக்குப் பக்கத்துல மட்டும் வட்டமா ஒரு துடைப்பு, கட்டைவிரல் அகலத்துக்கு. நாமதான் சரியாத் துடைக்கலன்னு நெனச்சுக்கிட்டு இன்னொரு 'ஹா'... இன்னொரு துடைப்பு... உள்ள தள்ளினான். க்ரர். டக். கறுப்பு.

டிஸ்க்க அவசரமா எழுதினது தப்போன்னு புதுசா ஒண்ண மெதுவா எழுதினான். எழுதினது சரியான்னு சரிபாத்தான், சரியாத்தான் இருந்துச்சு. போட்டா அதே க்ரர், அதே டக். வெளிய வந்தது அதே மாதிரி மங்கி, அதே இடத்துல அதே வட்டம்.

அப்பத்தான் பெட்டியத் தொறந்தான். உவ்வே... சொல்லவே எனக்குக் கொமட்டுது. கரப்பான் புழுக்கை இருந்தாக்கூடப் பரவால்ல, அது எல்லா மெஷின்லயும் உள்ளது. இது வேற. ஃபேன் றெக்கை பூரா பழுப்பா ஒரு பிசின். தூசி தூசியா இல்ல... எண்ணெய்ல ஊறின மாதிரி ஒட்டிக்கிட்டு, தொட்டா நூல் விடுது. டிஸ்க் போடுற டிரைவுக்குள்ள லென்ஸ் மேலயும் அதே பிசின்தான்.

லென்ஸ் துடைக்கிற ஸ்பிரிட் தீந்துபோச்சு. இவன் என்ன பண்ணான் தெரியுமா? குனிஞ்சான். பெட்டிக்குள்ள மூஞ்சிய விட்டான். வாயால ஊதினான். ஊதினா அது திருப்பி வருமா வராதா? வந்துச்சு. உதட்டுல, பல்லுல, நாக்குல. உப்பும் இனிப்புமா ஒரு ருசி. துப்பினான். துப்பிட்டு, கைய பேண்ட்ல துடைச்சுட்டு, மேசையில இருந்த சோயா டெம்பே வறுவல எடுத்துக் கடிச்சான் சண்டாளன்.

சுக்கிர் எட்டிப் பாத்தார். "இன்னும் ஆகலையா?"

"லென்ஸ்ல ஏதோ பிசினா ஒட்டியிருக்குங்க."

சுக்கிர் பெட்டியப் பாத்தார். வறுவலப் பாத்தார். "கதவ உடைக்க நானும் போயிருந்தேன்டா. பெருநாளுக்கு எல்லாரும் ஊருக்குப் போயிட்டாங்க. இவ மட்டும் டைப் வேலை பாக்கின்னு இருந்துட்டா. அஞ்சு நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சது. அப்ப..."

"அப்ப?"

"மெஷின் ஓடிட்டுத்தான் இருந்துச்சு. தலைய இது மேலதான் சாச்சிருந்தா."

அஞ்சு நாள். சின்ன ரூம். ஜன்னல் சாத்தியிருக்கு. உள்ள இருந்த காத்த இந்த ஃபேன் இழுத்துச்சு... விட்டுச்சு... இழுத்துச்சு...

யோயோக் ஓடிப்போய்ச் சாக்கடையில குனிஞ்சான். டெம்பே வந்துச்சு, காலையில தின்னது வந்துச்சு, அப்புறம் மஞ்சத் தண்ணி. நாக்க விரலால வழிச்சான். சோப்பு போட்டுக் கழுவினான். அந்த ருசி போகல. கோவந்தான் வந்துச்சு அவனுக்கு... அந்தப் பொண்ணு மேல இல்ல, அவன் வாய் மேலயே. சுக்கிர் தண்ணிய நீட்டி, "வேண்டாம்டா, விட்டுரு. ஏழாங்கிளாஸ் படத்தையே போட்டுக்கலாம்"னார்.

"மூஞ்சியே பாக்கலீங்க அந்தம்மா" அப்படின்னான். கைக்குட்டைய மூக்குல கட்டிக்கிட்டு உள்ள போனான்.

மணி அஞ்சேகால். பழைய சாமான் குவியல்லேருந்து வேற ஒரு டிரைவ எடுத்தான். இவனே ரெண்டு மாசம் ஓட்டின டிரைவ், சுத்தமானது. அதை மாட்டினான். உறையிலேருந்து புது டிஸ்க் எடுத்து எழுதினான். இந்தத் தடவ ஊதல, துடைக்கல. வாயையே தொறக்கல.

க்ரர்... டக். கறுப்பு.

தட்டு வெளிய வந்துச்சு. புது டிஸ்க், வேற டிரைவு... அடிப்பக்கம் மங்கலா, வெதுவெதுன்னு இருந்துச்சு. கைக்குட்டையையும் தாண்டி அந்த நாத்தம். அவன் பாத்துட்டு இருக்கும்போதே அந்த மங்கல் இன்னும் கொஞ்சம் கூடுச்சு... அப்புறம் நடு ஓட்டைக்குப் பக்கத்துல, மெதுவா, கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு வட்டம் சுத்தமாச்சு.

இதுவரைக்கும் ஒவ்வொரு தடவையும் அதை இவன்தான் அழிச்சிருக்கான். துடைச்சுத் துடைச்சுப் போட்டிருக்கான். இப்பத் துடைக்கல. அப்படியே, அந்த ஈரத்தோட, தட்ட உள்ள தள்ளினான்.

சத்தமே இல்லாம ஓடுச்சு. ஒரு க்ரர் இல்ல, ஒரு டக் இல்ல. லினக்ஸ் திரை நீலமா வந்துருச்சு.

படங்கள் ஒரே இடத்துல இருந்துச்சு. பதினாலு. பதிமூணு மங்கல். ஒண்ணு மட்டும் பளிச்சுன்னு... பச்சை முக்காடு போட்டுக்கிட்டு, மூக்குக்கண்ணாடியக் கையில வச்சுக்கிட்டு, பல்லு தெரியச் சிரிக்கிறா. பென் டிரைவ்ல ஏத்திட்டான்.

லஸ்மி அம்மா அஞ்சே முக்காலுக்கு வந்துச்சு. திரையப் பாத்துச்சு. திரையில தூசி இருந்துச்சு போல... பக்கத்துல போய், மூஞ்சி இருக்கிற எடத்துல 'ஹா'ன்னு ஊதி, கட்டைவிரலால வட்டமா ஒரு துடைப்புத் துடைச்சுச்சு.

"அவ கண்ணாடிய இப்படித்தான் மாஸ் துடைப்பா. மூச்சே கெடையாது பிள்ளைக்கு, இருந்தாலும் இதுக்கு மட்டும் ஊதுவா."

பாங்கு சொல்றதுக்குள்ள படம் சுக்கிர் கைக்குப் போயிருச்சு.

நாப்பதாம் நாள் இவன் ஓதப் போகல, தைரியம் இல்ல. சுக்கிர்தான் இவன் பங்க வாங்கிட்டு வந்து குடுத்தார். சோத்துப் பெட்டி, அது மேல ஒட்டி மூடின பிளாஸ்டிக் உறையில புத்தகம். சூட்டுச் சோறு. அட்டை தெரியாத அளவுக்கு உறை பூரா ஆவி படிஞ்சிருந்துச்சு. சோத்து ஆவிதான்னு தனக்குத்தானே சொல்லிக்கிட்டான்.

நடுவுல மட்டும் தெளிவா இருந்துச்சு. அவ மூஞ்சி இருக்கிற எடத்துல, கட்டைவிரல் அகலத்துக்கு, வட்டமா.

சுக்கிர் தொட்டிருப்பாரோன்னு மிச்சத்தையும் துடைக்கப் பாத்தான். விரல் நழுவிக்கிட்டே போச்சு, ஆவி போகல. அது உறைக்கு உள்பக்கம் இருந்துச்சு.