அம்மிணி அத்தையின் கையெழுத்து

என் கையெழுத்து அழகாக இருக்கும், ஸார். ஆபீஸில் முக்கியமான கடிதங்களை என்னிடம்தான் எழுதக் கொடுப்பார்கள்.

அம்மிணி அத்தை என் அப்பாவின் தங்கை. பிள்ளை கிடையாது. ரயில்வேயில் இருந்த அத்திம்பேர் காலமானபோது வந்த நாலாயிரம் ரூபாயைத் தபால் ஆபீஸில் போட்டு வைத்திருந்தாள். பாலக்காட்டிலிருந்து வேலை தேடி வந்த எனக்கு மாட்டுங்கா வீட்டில் இடமும் மூன்று வேளைச் சாப்பாடும் கொடுத்தாள். ஒரு பைசா வாங்கியதில்லை.

அறுபத்திரண்டாம் வருஷத்தில் அவளுக்குக் கண் மங்கியது. தபால் ஆபீஸ் படியேற வேண்டாம் என்று நானே படிவம் கொண்டுபோனேன். அவள் கையெழுத்து கோணியிருக்கிறதென்று இரண்டு முறை திருப்பிவிட்டார்கள். அவளுடைய பழைய கடிதங்களைப் பார்த்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பழகினேன். 'ணி'யின் கடைசிச் சுழியை மேலே வளைத்துவிடுவாள். மூன்றாம் முறை நானே போட்டேன். பணம் வந்தது. அன்று எடுத்தது அவள் மருந்துக்குத்தான்.

பிறகு எடுத்தது டோம்பிவிலியில் எனக்கென்று கட்டிக்கொண்டிருந்த வீட்டுக்கு. நல்ல வெளிச்சமான வீடு. அத்தையையும் அங்கே வைத்துக்கொள்ளத்தான் நினைத்திருந்தேன். கேட்டால் கொடுத்துவிடுவாள் என்று தெரியும். ஆகவே கேட்கவில்லை.

கண்ணில் மோதியா, அதாவது புரை, பழுத்துவிட்டது, இந்த மாதமே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று டாக்டர் என்னிடம் சொன்னார். அத்தை வெளியே பெஞ்சில் இருந்தாள்.

"என்னடா சொன்னார்?"

"இன்னும் பழுக்கலையாம் அத்தை. அடுத்த வருஷம் பாக்கலாம்னார்."

அடுத்த வருஷமும் அதையே சொன்னேன். அத்தை சிரித்தாள். "இதென்னடா, பலாச்சக்கையா இருந்தாக்கூட இத்தனை நாள்ல பழுத்திருக்குமே."

கண் தெரிந்தால் அவள் முதலில் பார்ப்பது பாஸ்புக்காகத்தான் இருக்கும். அந்த அதிர்ச்சியை இந்த வயதில் அவள் தாங்கியிருப்பாளா, நீங்களே சொல்லுங்கள்.

போன மாதம் வலி தாங்காமல், எதிர்வீட்டு ஷ்யாமளாவைக் கூட்டிக்கொண்டு அதே டாக்டரிடம் போயிருக்கிறாள். அப்போதே ஆபரேஷன் செய்யச் சொன்னேனே, இப்போது வலக்கண் போய்விட்டது, இடக்கண்ணையாவது உடனே காப்பாற்ற வேண்டும் என்றிருக்கிறார். அங்கிருந்து நேரே தபால் ஆபீஸ். கவுண்டர்க்காரர் படிவத்தைத் திருப்பிக் கொடுத்தாராம். "ஸஹி மில்தா நஹி, மாயி." கையெழுத்து ஒத்துப்போகவில்லையாம்; போன வாரம் வந்ததுதான் சரியானதாம்.

மாலையில் என் செருப்புச் சத்தம் கேட்டதும் அத்தை எழுந்து நின்றாள்.

"என் பேரை நேக்கு எழுதத் தெரியாதாம்டா. அத்தனை பேர் நடுவில திருடியாட்டம் நின்னேன். யாருடா அது, என் பேரை என்னைவிட நன்னா எழுதறவன்?"

நான் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தேன்.

"வாயைத் திறடா ஜம்பு. கேட்டிருந்தா கொடுத்திருப்பேனேடா, பாவி. என் கண்ணைப் போக விட்டுட்டு, கையெழுத்தை மட்டும் காப்பாத்தி வச்சிண்டியா?"

கணக்கில் பதினோரு ரூபாய் இருக்கிறது. மீதியை எடுத்தது நான்தான். டாக்டர் சொன்னதை மறைத்ததும் நான்தான். இடக்கண்ணுக்கும் காலம் கடந்துவிட்டதென்று நேற்று ஷ்யாமளா சொன்னாள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும், ஸார். நீங்கள் காட்டிய புகாரின் அடியில் அத்தையின் கையெழுத்தைப் பார்த்தேன். எழுத்தின்மேல் எழுத்து ஏறி, கோட்டுக்குக் கீழே சரிந்து கிடக்கிறது. பார்க்கவே சங்கடமாக இருந்தது.

என்னிடம் கொடுத்திருந்தால் நானே நன்றாகப் போட்டுக் கொடுத்திருப்பேன்.