செட் ஆயிடுச்சு

ஆவடியில் மின்சார ரயில் கிளம்பியதும், எதிர் இருக்கையில் இருந்த பெண் பக்கத்திலிருந்த கணவனைக் கேட்டாள்.

"செட் ஆயிடுச்சுன்னா இன்னா அர்த்தம்?"

இருவரும் கல்யாண வீட்டுக்குப் போகும் உடையில் இருந்தார்கள். கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த பெண்ணைப் பற்றிக் காலையில் அவன் யாரிடமோ போனில் அப்படிச் சொன்னானாம். அது அவள் காதில் விழுந்துவிட்டது.

"ரெண்டு பேருக்கும் ஒரே மெஷின். கை வேகம் ஒத்துப்போவுது. அதைத்தான் சொன்னேன்."

"ஓட்டல்ல தர்ற தோசையும் செட்டு. தாத்தா கட்டிக்கினு கீற பல்லும் செட்டு. ஒருத்தன் ஒருத்திய இட்டுக்கினு சுத்துனா அதுவும் செட்டு. நீ எதைச் சொன்னே?"

"மெஷினைத்தாம்மே."

"என்னைப் பொண்ணு பாக்க வந்தப்போ, இது நமக்கு செட் ஆவாதுன்னு உங்க அக்கா சொன்னாங்க. நீ வாயே தொறக்கல. அப்பாலயாவது, என் பொண்டாட்டி எனக்கு செட் ஆயிட்டான்னு யாராண்டயாச்சும் சொல்லிக்கீறியா?"

ரயில் அம்பத்தூரைத் தாண்டியது. அவன் மெதுவாகச் சொன்னான்.

"நீ உங்கம்மா ஊட்டுக்குப் போய்ட்டா எனக்கு சோறு எறங்காது. அதுக்கு இங்கிலீஷ்ல இன்னா சொல்வாங்கன்னு எனக்குத் தெரியாது."

அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். கோபம் போய்விட்டது என்றுதான் நான் நினைத்தேன். கொரட்டூர் வந்ததும் திரும்பினாள்.

"நாளைக்கு வேற மெஷின் கேட்டு வாங்கிக்கோ," என்றாள்.