வாய்விட்டுச் சொன்ன விலை

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். நடுவில் யாராவது கதவைத் திறந்தால் நான் எழுந்து போய்விடுவேன், ஆமாம்.

சாயங்காலம் ஆறே முக்கால். ரயில் தண்டவாளத்தை ஒட்டிய சந்து... ஒரு நாய்கூடக் கிடையாது. என் சிநேகிதனின் மச்சான் போகிறார். டைல்ஸ் ஒட்டுகிறவர். ஒன்பது வருஷமாக மாமனார் வீட்டு மாடியில்தான் குடித்தனம். அந்தச் சந்தில் பாழடைந்த ஒரு வாடகை வீடு விலைக்கு வந்திருந்தது. கையில் இருந்ததோ கேட்ட விலையில் பாதி. பாதிக்குக் கேட்கலாமா, கேட்டால் ஓனர் மூஞ்சியில் துப்புவாரா என்று மனுஷனுக்கு ஒரே யோசனை.

ஓனர் சந்து முனையிலேயே நின்று சாவியை நீட்டினார். “காலி வீடுதான். நீங்களே பார்த்துட்டு வாங்க.”

உள்ளே ஈரச் சுவர் வாடை. குழாய்... சொட்... சொட். மச்சான் தொழில் வழக்கப்படி குத்துக்காலிட்டு, டைல்ஸை ஒவ்வொன்றாக நாணயத்தால் தட்டினார். அடியில் சிமெண்ட் விட்டுப்போயிருந்தால் டொப்பென்று கேட்கும். அதைச் சொல்லி விலையைக் குறைக்கலாம். ஹால் முழுக்க டொப், டொப். ஏகக் குஷி. வேலை செய்யும்போது தனக்குத் தானே பேசுவது அவர் பழக்கம். “பாதிதான். மேல ஒரு பைசா கிடையாது” என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டார்.

உள் அறைக்குப் போய் மூன்று தட்டு தட்டினார்.

தரைக்கு அடியிலிருந்து... மூன்று தட்டு வந்தது.

எலி என்று நினைத்தார். எலி எங்கேயாவது எண்ணித் தட்டுமா? இரண்டு தட்டினார். இரண்டு வந்தது. கையை எடுத்துக்கொண்டார். அவர் தட்டாமலே இன்னொன்று... முழங்காலுக்கு நேர் கீழே. காதோரம் நனைந்த தலைமுடி வாடை. போட்டது போட்டபடி ஓடினார். வீடும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், மாமனார் வீட்டு மாடியே சொர்க்கம்.

சந்து முனையில் சாவியை நீட்டினார். “வேணாம் சார்...”

ஓனர் வாங்கவில்லை. “பாதிக்கே எனக்குச் சம்மதம்.”

“நான் விலையே சொல்லலையே?”

“உள்ள சொன்னீங்களாமே.”

“யாரு... யாரு சொன்னா? காலி வீடுன்னீங்களே?”

ஓனர் பெரிய பாரம் இறங்கியவர் போல ஒரு பெருமூச்சு விட்டார். சட்டைப்பையிலிருந்து சில நோட்டுகளை எடுத்து மச்சானின் கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டார். நோட்டுகள் சொதசொதவென்று நனைந்திருந்தன.

“இந்த மாச வாடகை. இனிமே உங்ககிட்டதான் குடுப்பாங்களாம்.”